வராந்தாவில் இருபது நிமிடம்

சுழல்காற்று சைரன் ஒலித்தால் அலபாமாவில் பெண்கள் ஜன்னலில்லாத அறைக்குள் ஓடுவார்கள். ஆண்கள் வராந்தாவுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார்கள். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற வெர்டெலுக்கு இந்த வழக்கத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

1974 ஏப்ரலில் ஒரே நாளில் ஊர் ஊராகச் சுழல்காற்றுகள் இறங்கியபோது, ரேடியோ மாவட்டம் முழுமைக்கும் பொதுவாகத்தான் எச்சரித்தது. ஜன்னல்களைத் திறந்துவிட்டால் காற்றழுத்தத்தில் வீடு வெடிக்காது என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். இருபது வயது வெர்டெல், சுழல் கண்ணில் பட்டபின் கிடைத்த நாலு நிமிடத்தில் ஒன்பது ஜன்னல்களையும் திறந்துவிட்டுப் போய்ப் பள்ளத்தில் படுத்தாள். திறந்த ஜன்னல்களோடு வீடு போயிற்று.

இந்த வசந்தத்தில் ஒரு மதியம் கைபேசி அலறியது. அவர்கள் பகுதியை மட்டும் சிவப்பாகக் காட்டி, சுழல் வந்துசேர இருபது நிமிடம் இருக்கிறது என்றது. வெர்டெல் ஷூவும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, ஜன்னல் பக்கமே திரும்பாமல் மாடிப்படிக்கு அடியிலுள்ள அறைக்குப் போனாள். கணவன் ஹாய்ட்டைக் காணோம்.

"யோவ், உள்ள வாய்யா!"

"இரு, இன்னும் ஒண்ணுமே தெரியல," என்றான் வராந்தாவிலிருந்து.

"தெரிஞ்சப்புறம் எங்கய்யா வர்றது? அன்னைக்கு நாலு நிமிஷத்த நான் ஜன்னல்ல தொலைச்சேன். இன்னைக்கு இருபது குடுத்திருக்காங்க, நீ வேடிக்கை பார்த்தே தொலைக்கிற!"

பதினெட்டாவது நிமிடம் அவன் பெல்ட்டைப் பிடித்து இழுத்து வந்து, உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

இரைச்சல் அடங்கியதும் வெளியே வந்தார்கள். வீடு நின்றது. வாசற்கதவைத் திறந்த ஹாய்ட் தூக்கிய காலை வைக்க இடமில்லாமல் நின்றான். வராந்தா இருந்த இடத்தில் வெறும் மண்.

"இப்பப் போய் நின்னு பாரு," என்றாள் வெர்டெல், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.