நம்பர் இல்லாத கத்தி

இன்று மாலை பாக்கார் ஆராங் வட்டாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். என் மடக்குக் கத்திகளை விற்க ஃபேஸ்புக்கில் போட்டிருந்தேனே, அதைப் பார்த்து வந்தவர்.

மேசையில் இரண்டை வைத்தேன். ஒன்று கடைகளில் விற்கும் சாதாரணக் கத்தி. அலகில் கம்பெனி பெயரும் நம்பரும் இருக்கும். மற்றது, விற்பனைக்கு வருமுன் சோதனைக்காகச் செய்த புரோட்டோடைப். அதில் ஒன்றுமே பொறித்திருக்காது. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது அதற்குத்தான்.

அவர் சாதாரணக் கத்தியைத் தொடவே இல்லை.

“இதுல நம்பர் இல்லதானே அண்ணே?”

“இல்ல லா தம்பி. அதான் விலை கூட.”

விஷயம் தெரிந்த ஆள் என்று பூரித்துப்போனேன்.

“எடுத்துக்கிறேண்ணே. நல்லா தீட்டிக் கொடுத்துடுங்க.”

“ஐயோ, தீட்டுனா மதிப்பே போயிடும் தம்பி!”

“பரவால்லண்ணே. ஒரு தடவைக்குத்தானே வேணும்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டில் தீட்டிக்கொண்டு வருகிறேன் என்று சாக்குச் சொல்லி, கத்தியோடு கிளம்பிவிட்டேன். “தீட்டியாச்சாண்ணே?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

நம்பர் இல்லாத கத்தியால் ஒரே ஒரு தடவை எதை வெட்டுவார்கள்? மாம்பழம் என்று யாராவது கமெண்ட் போடுங்களேன். நம்பிவிடுகிறேன்.