தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைக்குப் படிப்புப் பணம்

கங்கையம்மனை நம்பி இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். இவன் பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவள் எனக்குச் செய்ததை நான் சொல்லாமல் யார் சொல்வது?

1958-இல் பிரான்சில் ஒரு பல்கலைக்கழகம் எனக்கு இடம் கொடுத்தது. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவள் மகன் நான், அப்பா இல்லை. 'பூர்ஸ்' என்னும் உதவித்தொகை கிடைத்தால்தான் கப்பல். அதற்கு என் அம்மா கண்ணம்மாவின் வருமானச் சான்று கொடுத்தேன். குமாஸ்தா பிறப்புச் சான்றைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"இதுல அம்மா பேரு அஞ்சலைன்னு இருக்கு. கண்ணம்மா யாருப்பா? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வேற புள்ளைக்குப் போயிடும்."

எனக்கு முன் பிறந்த மூன்று பேரும் தங்கவில்லை. அதனால் நான் பிறந்ததும் என்னை முறத்தில் போட்டு, பக்கத்து வீட்டு அஞ்சலை அத்தையிடம் ஒரு படி தவிட்டுக்கு விற்றார்கள். எமன் ஏமாறட்டும் என்று அப்பா பிறப்பு ஏட்டிலும் அத்தை பெயரையே எழுத வைத்துவிட்டார்! அத்தை நேரில் வந்து சொன்னால்தான் மாற்றுவார்களாம். அவரோ கடைத்தெருவில் கூடை வைக்கும் இடத்துக்காக அம்மாவோடு சண்டை போட்டு, தவளக்குப்பம் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

"செத்தாலும் அவ வாசப்படிய மிதிக்க மாட்டேன். நீயும் போவக் கூடாது" என்றாள் அம்மா.

நான் இடிந்து போனேன். புதன்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய் அம்மனோடு சண்டையே போட்டேன். "அத்த கையில என்ன வாங்க வெச்சவ நீதான? நீயே போய்க் கூட்டிட்டு வா!" அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலக வாசலில் அத்தை நின்றார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"எப்படி அத்த?"

"உங்கம்மா நேத்து விடியக்காலமே வந்துட்டாடா. அரியாங்குப்பம் தாண்டி நடந்தே வந்திருக்கா. முறத்துல ஒரு படி தவிட்ட வெச்சு, என் வாசல்ல நின்னு அழுவுறா. நான் என்ன கல்லா?"

பின்னால் அம்மா தலையைக் குனிந்தபடி நின்றாள். யார் முன்னாலும் குனியாத தலை அது.

பெற்றவள் யார் என்று அதிகாரி கேட்டார். அத்தை நிமிர்ந்து சொன்னார்: "பெத்தவ இவ, ஐயா. வாங்கினவ நான். எங்க ரெண்டு பேரு புள்ள படிக்கப் போவுது, எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். பூர்ஸ் கிடைத்தது. எங்கள் குப்பத்திலிருந்து கப்பலேறிப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான். இந்த வருஷம், 1962-இல், கணிதப் பட்டத்தோடு திரும்பி வந்திருக்கிறேன். இரண்டு புடவை வாங்கி வந்தேன், ஒரே நிறத்தில். நிறம் வேறாயிருந்தால் மறுபடியும் சண்டை வரும்!

அத்தையை அழைத்து வரச் சொல்லித்தான் நான் அம்மனைக் கேட்டேன். அவள் முதலில் என் அம்மாவைக் கிளப்பி அனுப்பினாள். உங்களில் யாராவது யாரோடாவது பேசாமல் இருக்கிறீர்களா? அவளிடம் சொல்லிவிட்டு நாளைக்கே புறப்படுங்கள். என் அம்மாவோடு தவளக்குப்பம் வரை நடந்தவள் உங்களோடும் வருவாள்.