சவப்பெட்டி செய்கிறவன் ஓர் உயிருக்காக வேண்டியது

முதலில் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், கொம்பும் புள்ளியும் இடம் மாறி விழும். பங்குக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் எழுந்து சொல்லச் சொல்லிப் பங்குச் சாமியார் பல முறை கூப்பிட்டார். நாலு பேர் முகத்தைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது நிதானமாக வாசியுங்கள்.

என் பெயர் சவரிமுத்து. முகையூர் பக்கம் பிறந்தவன். விழுப்புரத்தில் ஒரு மரப்பட்டறையில் ரொம்ப வருடம் கூலிக்கு வேலை செய்தேன். போன வருடம் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். என் சித்தப்பா செத்தபோது சவப்பெட்டி கிடைக்காமல் மழையில் அலைந்தது மனதில் இருந்தது. திண்டிவனத்தில் அந்தத் தொழிலையே சொந்தமாகச் செய்வோம் என்று நானும் என் மனைவி ஆரோக்கியமேரியும் முடிவெடுத்தோம்.

"மத்த கடைன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்க. இந்தக் கடை மேல புகார் குடுக்க ஆள் காத்துக்கினு இருப்பாங்க. எல்லாத்தையும் முறையா பதிஞ்சுட்டு அப்புறம் போர்டு மாட்டுங்க" என்றாள் மேரி.

நகராட்சியில் தொழில் உரிமம் வாங்க இடத்துக்காரர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். என்ன தொழில் என்று சொன்னதும் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்தினார்கள். கடைசியில் கூட்டேரிப்பட்டில் விவசாயம் பார்க்கும் ஏழுமலை அண்ணன் ஒருவர்தான் ஒத்துக்கொண்டார். டவுனில் அவருக்கு ஒரு கடை காலியாகக் கிடந்தது. அவர் மனைவி அஞ்சலை அக்காவுக்கு இதில் இஷ்டமே இல்லை.

பார்க்க வருகிறவர்களுக்கு மாதிரியாக ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்தேன். எதிரே இருக்கிற டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"காலிப் பெட்டிய மூடி வைக்காத மேஸ்திரி. அது ஆளத் தேடும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏழுமலை அண்ணனை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போனேன். சம்மதக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார்கள். பேனாவை வாங்கினார். ஒரு கோடு இழுத்தார். அப்புறம் கை நகரவில்லை.

"என்னண்ணே?" என்றேன்.

வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாற்காலியோடு என் மேல் சாய்ந்தார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். நினைவு இல்லை. அஞ்சலை அக்கா ஓடி வந்தார். என் கையில் அந்தக் கடிதம் இருந்ததைப் பார்த்துவிட்டார்.

"உன் கடைக்குக் கையெழுத்துப் போட வந்த மனுஷன்யா அவரு! அந்தக் காகிதத்த எடுத்துக்கினு இனிமே என் கண்ணு முன்னாடி வராத. அவருக்கு ஏதாவது ஆச்சு, அந்தப் பெட்டிய உன் தலையிலயே போட்டு ஒடப்பேன்!"

மறுநாளும் போனேன். உள்ளே போகத் தைரியம் இல்லாமல் வாசலிலேயே நின்றேன். அக்காவின் தம்பி என்னைக் கண்டுவிட்டார்.

"இங்க எதுக்கு நிக்கிற? அளவெடுக்கவா?"

பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஏறஇறங்கப் பார்த்தார்கள். யாரோ ஓர் அம்மா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

கடைக்குள் அந்தப் பெட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னேன். அண்ணனுக்காக வேண்டுகிறேனா, கையெழுத்துக்காக வேண்டுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. மேரியிடம் சொன்னேன்.

"கடைய விட்டுட்டுக் கேளுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அப்படியே கேட்டேன். "ஆண்டவரே, இந்தக் கடை வேண்டாம். பெட்டியை அறுத்து அடுப்பில் வைக்கிறேன். அந்த மனிதரை மட்டும் விட்டுவிடும்." சொல்லி முடிப்பதற்குள் சுவரில் சாய்த்திருந்த பெட்டி மூடி வழுக்கி, தடாலென்று விழுந்தது. எழுந்து அதை நிமிர்த்தக்கூடப் பயம். கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அஞ்சலை அக்காவின் நம்பர். போய்விட்டார் என்றே நினைத்தேன். எடுக்காமல் விட்டேன். மறுபடி அடித்தது. மேரிதான் எடுத்து என் காதில் வைத்தாள்.

அக்கா அழுதுகொண்டிருந்தார். "நெனவு வந்துடுச்சுப்பா. என் பேரச் சொல்லிக் கூப்டாரு."

அவரே தொடர்ந்தார். "அன்னிக்கு மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணி பாய்ச்சப் போறதா இருந்தாரு. தனியாதான் போவாரு. அங்க விழுந்திருந்தா யாரு பார்த்திருப்பா? டவுன்ல இருந்ததாலதான் ஜல்தி கொண்டாந்தீங்க, அதாலதான் ஊசி வேல செஞ்சுதுன்னு டாக்டர் சொல்றாரு. உன்ன என்னென்னவோ பேசிட்டேன்."

அந்தக் காகிதம் சாவைக் கூட்டி வந்தது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். அது அவரை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தது.

பாஸ்கா என்கிற ஈஸ்டர் திருநாள் கழிந்து, கோல் ஊன்றிக்கொண்டு அண்ணனே கடைக்கு வந்தார். பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"வேல நல்லாதான் இருக்குது. ஆனா எங்களுக்கு இது தோதுப்படாது, நாங்க பாடையில போறவங்க. கை இன்னும் வரல. ரேகை வச்சாச் செல்லுமா?"

கடையை விட்டுவிடுவதாக வேண்டிக்கொண்டதைச் சொன்னேன்; "விட்டத அவரே திருப்பித் தர்றாரு, வாங்கிக்குங்க" என்று மேரி சொன்ன பிறகுதான் செல்லும் என்றேன். உரிமம் வந்தது. கடையை ஜெபித்து மந்திரிக்க வந்த சாமியார், "என்னன்னு வேண்டிக்கட்டும் சவரி?" என்று கேட்டார். வியாபாரம் பெருகட்டும் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? "தேடி வர்றவங்க அலையாமப் போகட்டும் சாமி" என்றேன்.

இப்போதும் சிலர் என் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் கோபப்படுவதில்லை. அவர்கள் சுகமாக இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்கிறேன். வேலை வேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு நாளும் கேட்டதில்லை. ஒவ்வொரு பெட்டிக்கும் ஆணி அடிக்கும் முன் அதில் படுக்கப் போகிறவருக்காக ஜெபிக்கிறேன். எங்கள் சாப்பாட்டுக்குக் குறை வரவில்லை.

சகோதர சகோதரிகளே, எல்லாம் கெட்ட சகுனமாகத் தெரிகிற நேரம் உங்களுக்கும் வரலாம். ஓடிவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டியதை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்தவருக்காகக் கேளுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் சத்தமில்லாமல் கேளுங்கள். வாசலில் ஊமையாக நின்ற என் குரலையே ஆண்டவர் கேட்டார்.

எழுதி முடித்தது: ஆகஸ்டு 15, பரலோக மாதா திருநாள்.