மலைக்குக் குறுக்கே சோலார்

தமிழ்செல்வியின் விரல்கள் நட்டைத் திருகும்போது வாய் அதைத் திட்டிக்கொண்டிருக்கும். "ஏறுதா பாரு, சனியனே." ஏறிவிட்டால், "தங்கம்" என்பாள். சுடிதாருக்கு மேல் கணவரின் முழுக்கைச் சட்டை; அதன் பையில் வாஷர்களும் பாக்குப் பொட்டலமும் கலந்து கிடக்கும்.

கீழ்பென்னாத்தூர்க்காரி. செங்கம் சாலை வீடுகளில் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடித்துச் சூட்டைக் குறைப்பதும் சோலார் தகடு பொருத்துவதும் தொழில். இரண்டு ஆட்களை வைத்து ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறாள். வேலை பிடிக்கும் முன் ஸ்டூலில் ஏறி, அறையின் உட்கூரையைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள், நான் காய்ச்சல் பார்ப்பதுபோல. பௌர்ணமி முடிந்ததும் கிரிவலப் பாதை வீடுகளில் தகடு துடைக்கக் கிளம்பிவிடுவாள். "புண்ணியத்த எல்லாரும் எடுத்துனு போயிடுறாங்க. தூசிய மட்டும் எனக்கு வுட்டுட்டு."

படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்போது கைலாசம் ஐயர். அண்ணாமலையார் கோயிலில் பூசை செய்தவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. மாடியறை ஜன்னலோரம் கட்டில். விழித்ததும் மலை உச்சியைப் பார்ப்பார். பிறகுதான் வாய் திறப்பார். மாத்திரை, கஞ்சி எல்லாம் அதற்குப் பின்.

ஜன்னலுக்கு நேரே முன்வீட்டு மொட்டைமாடி. அந்த வீட்டுக்காரர் கோதண்டராமன், வெளியூர்க்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடுகிறவர். ஏசி ஓடிக் கரண்டு பில் எகிறியதால் தமிழ்செல்வியைக் கூப்பிட்டார். தகட்டுக்கு அடியில் விருந்தினர் யோகா செய்ய இடம் வேண்டும் என்றார். அவளும் ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கால் நட்டுத் தகடுகளை ஏற்றிவிட்டாள்.

மறுநாள் ஐயர் கண் விழித்தபோது உச்சி இருந்த இடத்தில் தகடு இருந்தது. பல்லை இறுகக் கடித்துக்கொண்டார். கட்டிலை நகர்த்தினேன், தலையணையை உயர்த்தினேன். மதியமும் வாய் திறக்கவில்லை. அவருக்கு ரத்த அழுத்த மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

முன்வீட்டு மாடியில் மீதி நட்டுகளை முடுக்கிக்கொண்டிருந்த தமிழ்செல்வியை ஜன்னலிலிருந்தே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வந்தாள். தரையில் மண்டியிட்டு, ஐயரின் தலையணையில் தன் தலையையும் சாய்த்து வெளியே பார்த்தாள்.

"பக்கத்து டேங்க் நிழல் தகட்டுல வுழுமான்னு பாத்தேன். இத பாக்கல, சாமி."

கோதண்டராமனிடம் போனாள். நானும் போனேன்.

"கால வெட்டினா யோகா எங்கம்மா பண்ணுவாங்க?"

"ரூம்ல பண்ணட்டும் சார். தகடு தாழ இருந்தாலும் மாடிக்கு நிழல் இருக்கும், ரூம் சூடு ஏறாது. கரண்டும் கம்மியாவாது."

"வெட்டுறதுக்குத் தனியா கூலி கேக்கக் கூடாது."

"கேட்டனா? தீபத்தன்னிக்கு உங்க ஜனம் எங்க நின்னு மலையப் பாக்கும்? தகட்டுக்கு அடியிலயா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அத முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"எனக்கே இப்பதான தோணுச்சு."

அன்று மாலையே தொடங்கி, இருட்டிய பிறகுதான் தகடுகளை இறக்கி முடித்தார்கள். மறுநாள் காலை, கால்களை வெட்டும் முன் தமிழ்செல்வி மொட்டைமாடி ஓரத்தில் நின்று, புதிய உயரம் எதுவரை வரும் என்று ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டிக் காட்டினாள்.

"இதுக்கு மேல வராது, சாமி. தெரியுதா?"

ஐயர் அவள் கையைப் பார்த்தார், அதற்கு மேலே தெரிந்த உச்சியைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீரைக் கரண்டியால் புகட்டினேன். அவர் விழுங்கி முடிக்கும்வரை தமிழ்செல்வி நீட்டிய கையை இறக்கவில்லை.