பஞ்சுவின் மூணாவது பரிட்சை

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா, "ஆராய்ச்சி நிலையத்துல இருக்கார்"னு சொல்லிட்டு நைசா பேச்சை மாத்திடுவேன். விவரமாச் சொன்னா சிரிப்பாங்க. செம்மறியாடு எப்பப் பருவத்துக்கு வருது, எந்தக் கிடா எந்தப் பெட்டையோட சேருது, எத்தனை குட்டி போடுதுன்னு பார்த்து எழுதறதுதான் அவர் வேலை. கிடாவோட நெஞ்சுல வாரைக் கட்டி, அதுல ஒரு சாயக்கட்டியை மாட்டி விடுவாங்க. அது எந்தப் பெட்டையோட சேருதோ, அதோட முதுகுல நீலமோ சிவப்போ அப்பிக்கும். சாயங்காலம் முதுகைப் பார்த்தாலே கதை தெரிஞ்சுடும். அந்தச் சாயம் இவர் சட்டையிலயும் ஒட்டிக்கிட்டு வரும். கல்யாணமான புதுசுல தோள்பட்டையில சிவப்பைப் பார்த்துட்டு நான் ஆடின ஆட்டத்தை இப்ப நினைச்சாலும் வெட்கமா இருக்கு.

மனுஷன் தங்கம். ஆனா அந்த வாய் ஆட்டுக்கிட்ட மட்டும்தான் திறக்கும். அதுலயும் அவரோட அண்ணன், எனக்குப் பெரியத்தான், பக்கத்துல இருந்தா சுத்தமா கப்சிப். அப்பா இல்லாத வீட்டுல தம்பியைப் படிக்க வச்சு ஆளாக்கினவர் அவர். முதல் வருஷம் அவர் வீட்டு மாடியிலதான் இருந்தோம். அவர் கூடத்துல உட்கார்ந்திருந்தா இவர் என் பக்கம் திரும்பவே மாட்டார். தண்ணி வேணும்னா சுவத்தைப் பார்த்து "தண்ணி"ம்பார். சுவரே எடுத்துக் குடுக்கட்டும்னு நானும் வீம்பா நின்னிருக்கேன். கடைசியில அவரே எழுந்து போய்க் குடிச்சுக்குவார்.

பெரியத்தான் ஒண்ணும் புலி கிடையாது. என்கிட்ட எல்லாம் கலகலன்னு பேசுவார். அவர் அதட்டினதா எனக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் இவருக்கு அப்படி ஒரு நடுக்கம். ஆராய்ச்சி நிலையத்து மதிலை ஒட்டி குவார்ட்டர்ஸ் கிடைச்சு வந்த பிறகும், ஞாயித்துக்கிழமை அவர் வந்தா அதே சுவர், அதே தண்ணி. பதினோரு வருஷமா இதே கூத்துதான்.

சரி, பஞ்சு விஷயத்துக்கு வரேன். பஞ்சுங்கற கிடாக்குட்டி பிறந்த அன்னிக்கே தாய் செத்துப்போச்சு. இவர் அதைத் துண்டுல சுத்தி எடுத்துட்டு வந்து எங்க சமையலறையில போட்டார். "நாலு நாள்தாம்மா"ன்னார். பத்து வாரம் இருந்தது. புட்டியில பால் குடிக்கும், என் துணியை இழுக்கும், அடுப்புக்கிட்ட படுத்துக்கிட்டு எழுந்திருக்கவே அடம்பிடிக்கும். கத்திக்கிட்டேதான் பால் காய்ச்சிக் குடுத்தேன். பிரிச்சுக் கொண்டுபோன அன்னிக்கு அழுதது யாருன்னு கேட்காதீங்க.

பட்டியில அதைக் கிழட்டுக் கிடா ஒண்ணோட சேர்த்து விட்டாங்க. அந்தக் கிடாவுக்கு எல்லாரும் வச்ச பேர் ஹெட்மாஸ்டர். கொம்பு ரெண்டு சுத்து சுத்தியிருக்கும். பஞ்சு தீவனத் தொட்டிப் பக்கம் போனா ஒரு முட்டு. தண்ணிப் பக்கம் போனா இன்னொரு முட்டு. ஒரு வருஷம் இப்படியே வளர்ந்து, அதுக்கப்புறம்தான் தனிப் பட்டிக்கு வந்தது.

வயசுக்கு வந்த கிடாவுக்கு அங்கே ஒரு பரிட்சை உண்டு. பருவத்துல இருக்கற நாலு பெட்டையோட இருபது நிமிஷம் விடுவாங்க. என் வீட்டுக்காரர் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது மோந்து பார்க்குதா, காலால தட்டுதா, சேருதான்னு நிமிஷ வாரியா எழுதணும். மூணு தரம் தோத்தா மந்தையிலிருந்து பேரை அடிச்சுடுவாங்க. அப்புறம் கறிக்குத்தான். பஞ்சு ரெண்டு தரம் தோத்துட்டது. மூலையில நின்னு புல்லைக் கூட மேயாம இருந்ததாம். மூணாவது பரிட்சை வெள்ளிக்கிழமை. லாரி சனிக்கிழமை.

அந்த வாரம் பூரா இவருக்குச் சோறு இறங்கலை. "ஏங்க, டாக்டரம்மாகிட்ட சொல்லிப் பாருங்களேன்"னேன். அவங்கதான் அந்த ஆராய்ச்சிக்கே தலைமை. "என்னன்னு சொல்றது? என் கையாலதானே பூஜ்யம்னு எழுதினேன்"னார். கோபம் கோபமா வந்துச்சு எனக்கு. யார் மேலன்னுதான் தெரியலை.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு டப்பாவை மறந்து வச்சுட்டுப் போயிட்டார். எடுத்துக்கிட்டு நானே போனேன். உண்மையைச் சொல்லணும்னா, டப்பா ஒரு சாக்கு. நான் போறப்ப பரிட்சை ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆச்சு. டாக்டரம்மா கையில கடிகாரம். இவர் மடியில நோட்டு, மூஞ்சி வெளிறிக் கிடக்கு. பஞ்சு மூலையில நிக்குது. ஒரு பெட்டை தானா வந்து அதோட மூஞ்சியில உரசுது. அப்பவும் அசையலை.

நான் பஞ்சுவையே பார்த்துக்கிட்டு நின்னேன். ஓரடி எடுத்து வச்சது. உடனே தலையைத் திருப்பி இடது பக்க வேலியைப் பார்த்துட்டு, எடுத்த அடியைப் பின்னால வச்சுக்கிச்சு. மறுபடியும் ஓரடி, மறுபடியும் வேலி. அந்தப் பக்கம் என்னடா இருக்குன்னு எட்டிப் பார்த்தேன். அடுத்த பட்டியில ஹெட்மாஸ்டர் நிக்குது! கம்பிக்கு நடுவுல மூஞ்சியை நீட்டிக்கிட்டு, இமைக்காம பார்த்துக்கிட்டு நிக்குது.

எனக்கு எங்க பழைய கூடம் கண்ணு முன்னால வந்துடுச்சு. சுவத்தைப் பார்த்துத் தண்ணி கேட்ட மூஞ்சியும் பஞ்சுவோட மூஞ்சியும் அச்சு அசல் ஒண்ணு.

"அட கடவுளே! அண்ணன் முறைச்சுக்கிட்டு நின்னா தம்பி எப்படிங்க பொண்டாட்டிகிட்டப் பேசுவான்?"னு கத்திட்டேன்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தாங்க. இவருக்குக் காது வரைக்கும் சிவந்துபோச்சு.

"அந்தப் பெரிசை மறைங்கம்மா. அதைப் பார்த்துத்தான் இது பயப்படுது."

அவங்க ரெண்டு கிடாவையும் மாறி மாறிப் பார்த்தாங்க. "ஒரே பட்டியில இருந்தா சின்னது அடங்கிப் போகும்னு நானே பாடம் எடுத்திருக்கேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்னாலே போதும்னு தோணலையே"ன்னாங்க. "ஆனா பட்டியை மாத்தக்கூடாது. எல்லாம் இப்படியே இருக்கணும், வேலியை மட்டும் மறைக்கணும். எட்டு நிமிஷம் இருக்கு."

ஓடினேன் பாருங்க ஒரு ஓட்டம்! மதிலுக்கு அந்தப் பக்கம்தானே வீடு. கொடியில காஞ்ச போர்வையை உருவிக்கிட்டு வந்தேன். கல்யாணத்துக்குப் பெரியத்தான் வாங்கிக் குடுத்த போர்வை அது. இவர் ஒரு முனை, நான் ஒரு முனை, வேலி மேல இழுத்துக் கட்டினோம். ஹெட்மாஸ்டர் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முட்டு முட்டிச்சு. அப்புறம் ஆளே தெரியலை.

பஞ்சு போர்வையைப் பார்த்தது. கிட்ட வந்து மோந்தது. அப்புறம் உடம்பை ஒரு உலுக்கு உலுக்கிட்டுத் திரும்பிச்சு. அவ்வளவுதான்! இருபது நிமிஷம் முடியறதுக்குள்ள நாலு பெட்டையில மூணு முதுகு பளிச்சுன்னு நீலம்... இல்லை, எதுக்குப் பொய், கடைசி நிமிஷத்துல நாலாவதும் நீலம். இவர் எழுதறதை விட்டுட்டு நோட்டைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுக் குதிச்சார். டாக்டரம்மா சிரிச்ச சிரிப்புல கடிகாரம் கீழே விழுந்தது. நான் டப்பாவைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

ஆனா டாக்டரம்மா அதோட விடலை. அடுத்த வாரம் போர்வையை எடுத்துப் பார்த்தாங்க, பஞ்சு மூலைக்குப் போயிடுச்சு. மறுபடி கட்டினாங்க, கிளம்பிடுச்சு. முன்னால தோத்த இன்னும் ரெண்டு கிடாவையும் அப்படியே சோதிச்சாங்க, ரெண்டும் பாஸ். இப்ப பரிட்சைப் பட்டிக்குன்னு தனியா மறைப்பே போட்டாச்சு. அந்தச் சனிக்கிழமை வந்த லாரி சும்மாதான் திரும்பிப் போச்சு. என் போர்வைதான் திரும்பி வரலை.

அஞ்சு மாசத்துல அந்த நாலு பெட்டையும் குட்டி போட்டுச்சு. மொத்தம் ஏழு. ஞாயித்துக்கிழமை வந்த பெரியத்தான் பார்க்கணும்னார், கூட்டிக்கிட்டுப் போனோம். காலுக்குள்ள காலுக்குள்ள குட்டிங்க புகுந்து ஓடுது. அவருக்கு வாயெல்லாம் பல்லு. வேலியில தொங்கின போர்வையைப் பார்த்துட்டு, "இது நான் வாங்கினதாச்சே! இங்கே எப்படி வந்துச்சு?"ன்னார்.

இவர் வழக்கம்போல சுவத்தைத் தேடினார். அங்கே ஏது சுவர்? வேலியும் ஆடும்தான். தொண்டையைச் செருமினார். "அது வந்துண்ணே... பஞ்சு கெட்டிக்காரன்தான்னு..." நின்னுட்டார். எனக்குப் பழக்கம்தானே, நானே சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன்.

அப்ப என் தோள் மேல ஒரு கை விழுந்துச்சு. அண்ணன் கண்ணு முன்னாலயே.

"இவதாண்ணே கண்டுபிடிச்சா"ன்னார். கையை எடுக்கவே இல்லை. "நாங்க எல்லாரும் ஆட்டைப் பார்த்துக்கிட்டிருந்தோம். என் பொண்டாட்டிக்குத்தான் புரிஞ்சுது. இவ இல்லேன்னா பஞ்சு இல்லை."

பெரியத்தான் அந்தக் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னம்மா புரிஞ்சுது உனக்கு?"ன்னார். அடுத்த பட்டியில இருக்கற ஹெட்மாஸ்டர்ங்கற பெரிய கிடா பார்த்துக்கிட்டு நின்னா சின்னதுக்கு நடுக்கம் வந்துடுதுன்னு சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லலை.

அவர் போர்வையை ஓரமா விலக்கி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாச் சிரிச்சார். "அடேய், அப்படியா சங்கதி"ன்னுட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அடுத்த பட்டிப் பக்கம் நடந்தார். "நீங்க பேசிக்கிட்டிருங்க. நான் போய் அந்த ஹெட்மாஸ்டரைப் பார்த்துட்டு வரேன். நாங்க ரெண்டு பேரும் பேசிக்க வேண்டியது நிறைய இருக்கு"ன்னார்.

தோள் மேல இருந்த கை அங்கேயே இருந்தது. என்னைப் பார்த்து, என்னைத்தான் பார்த்து, "தண்ணி கொண்டாந்திருக்கியா?"ன்னு கேட்டார்.