வெள்ளித்தாள் சுவர்

முழங்கால் இரண்டும் போய்விட்டன என்பதை ஜெயலெட்சுமி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் மலை கீழே இறங்கி வந்துவிடுமா என்ன? காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்தால், கங்காணி எந்த மலையைக் காட்டுகிறாரோ அந்த மலைக்கு ஏற வேண்டியதுதான். ஏறும்போது வலிக்கும். கொழுந்து மூட்டையோடு இறங்கும்போது அதைவிட வலிக்கும். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் இருபத்தைந்து வருடமாக ஏறி இறங்கி, நாற்பத்தாறு வயதில் அவளுக்கு எல்லாமே அலுத்துவிட்டது.

பள்ளியில் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பதுளையில் ஒரு வருடம் டைப்பிங் படித்தவள் அவள். படித்து முடித்த கையோடு அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருந்தால்தான் தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, கையில் தங்கும். ஆக, டைப்பிங் சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போனாள். அந்தப் படிப்பு பிறகு தோட்டத்துக்குத்தான் உதவியது. துரைக்கு மனுவா, கோயில் கமிட்டிக்கு நோட்டீஸா, பிறப்புப் பதிவில் பெயர் தப்பா, எல்லாம் அவள் வாசலுக்கு வந்தது. நன்றி சொன்னார்கள். சிலர் அதையும் மறந்தார்கள்.

பக்கத்துக் காம்பரா ஜீவராணிதான் அந்தச் செய்தியைப் போனில் காட்டினாள். கொழும்பில் ஒரு கம்பெனி; பதிவு செய்த பேச்சைக் கேட்டுத் தமிழில் டைப் பண்ணித் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும், இணையம் வேண்டும், சத்தமில்லாத அறை வேண்டும். சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பரீட்சை, அது முடிந்ததும் அதிகாரியோடு முகம் பார்த்துப் பேச்சு.

"இது ஒங்களுக்குன்னே போட்ட மாதிரி இருக்குக்கா" என்றாள் ஜீவராணி. "எங்க நெட்டையே புடிச்சிக்கங்க. பாஸ்வேர்டு தாறேன்."

ஜெயலெட்சுமி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இது கிடைத்தால் இனி மலை இல்லை. கிடைக்காவிட்டால் முழங்கால் தாங்கும் வரைக்கும் மலை, தாங்காவிட்டால் என்ன என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

கம்ப்யூட்டர் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. ஏதோ ஒரு அலுவலகம் கழித்துப்போட்ட மேசைக் கம்ப்யூட்டர்; பதுளைக் கடைக்காரர் ஹிஷாம் தட்டிக் கொட்டிச் சரிசெய்து தந்தது. மனு எழுத அது போதுமாக இருந்தது. வயர் இல்லாமல் இணையத்தைப் பிடிக்கிற உறுப்பு மட்டும் அதற்குள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். ஹிஷாம் விரல்நுனி அளவில் ஒரு கறுப்புத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

"இத யூ.எஸ்.பி. ஓட்டையில குத்தினா சரிக்கா. பொட்டிக்குள்ள சீடி ஒண்டு இருக்கி, அதப் போட்டு விடுங்க. வேற ஒண்டும் செய்யத் தேவல்ல."

வீட்டுக்கு வந்து குத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. சீடியைப் போடலாம் என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குச் சீடி போடும் வாயே இல்லை. அது உடைந்திருந்ததைக் கழற்றி எறிந்தவர் ஹிஷாமேதான். விற்றவருக்கும் நினைவில்லை, வாங்கியவளுக்கும் நினைவில்லை. வீட்டுக்குள் போனுக்கு டவர் கிடைக்காது என்பதால், கோயில் வளைவு வரைக்கும் ஏறிப்போய் அவருக்குப் போன் எடுத்தாள். அதுவும் ஒரு ஏற்றம்தான்.

"யா அல்லா, ஓம் என்ன" என்றார் ஹிஷாம். "பென்டிரைவுல போட்டு அனுப்புறன்கா. இது யாருண்டு கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செஞ்சி வைக்கிற சின்ன ப்ரோக்ராம்தான். பஸ் கண்டக்டர்ட்ட குடுத்து விடுறன்."

மருந்து, சாவி, மறந்துவைத்த குடை என்று இந்தப் பாதையில் எல்லாமே கண்டக்டர் கையில்தான் பயணம் செய்யும். பென்டிரைவ் வருவதற்குள் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் வேலை விட்டதும் கொழுந்து மணக்கிற உடம்போடு பஸ் நிறுத்தத்தில் நின்றாள். நான்கு நாள் கண்டக்டர் கையை விரித்தார். ஐந்தாம் நாள் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

ப்ரோக்ராம் ஏறியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கறுப்புத் துண்டின் நுனியில் ஒரு நீல வெளிச்சம் மினுங்கியது. ஆனால் பிடிக்கக்கூடிய இணையங்களின் பட்டியலில் ஜீவராணி வீட்டுப் பெயர் இல்லை. சற்றுப் பொறுத்து வந்தது. ஒரே ஒரு கோடு. பாஸ்வேர்டு அடித்து முடிப்பதற்குள் அதுவும் போய்விட்டது.

சனிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. காலையிலிருந்து துண்டைக் கழற்றிக் கழற்றி வேறு வேறு ஓட்டையில் குத்தினாள். மேசையைத் திருப்பினாள். வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போனைப் பிடித்தால் ஜீவராணியின் நெட் முழுசாக வந்தது. வாசற்படியில் பாதி. உள்ளே வந்தால் சுத்தமாக இல்லை. கம்ப்யூட்டரை இஸ்தோப்பில் வைக்கலாம் என்றால் மழைச் சாரல் அடிக்கிறது, அங்கே பிளக்கும் இல்லை. ஜீவராணி வீட்டுக்குத் தூக்கிப்போகலாம் என்றால் அங்கே இரவு வேலை முடித்து வந்த அவள் புருஷன் தூங்குகிறான், கைக்குழந்தை வேறு. எந்தப் பக்கம் போனாலும் முட்டிக்கொண்டு நின்றது.

அவள் கணவன் ரெங்கசாமி கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலையைக் காகிதச் சாக்கில் கட்டும் வேலை பார்த்தவர். தூள் நெஞ்சுக்குள் இறங்கி, இழுப்பு வந்து, நான்கு வருடமாக வீட்டில் இருக்கிறார். கருங்கல் சுவரில் சதா ஈரம் கசியும். ஈரம் கண்டால் இழுப்பு கூடும். அதற்காகத் தொழிற்சாலையில் கிழிந்துபோன தேயிலைச் சாக்குகளைச் சொல்லி வைத்துச் சொல்லி வைத்து வாங்கி, பிரித்து, கோதுமை மாப் பசை காய்ச்சி, ஜீவராணி வீட்டுப் பக்கத்துச் சுவர் முழுக்க ஜெயலெட்சுமி போன வருடம் ஒட்டியிருந்தாள். சாக்கின் உள்பக்கத்து வெள்ளித்தாள் வெளியே தெரிய ஒட்டியதால், விளக்கைப் போட்டால் காம்பரா கல்யாண வீடு மாதிரி இருக்கும். அந்த வருடம் ரெங்கசாமி ஒரு தடவைகூட ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அவள் தன் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட இரண்டு மூன்று காரியங்களில் அதுவும் ஒன்று.

"ஜெயா" என்றார் ரெங்கசாமி. "இந்தச் சாக்குத்தான்."

"என்ன சாக்கு?"

"தேத்தூளு வாசத்தையே வெளிய விடாத சாக்கு இது. கையால கட்டுனவன் சொல்றேன். ஈரத்த விடாது, காத்த விடாது. நெட்ட மட்டும் விடுமா?"

அவள் சுவரைப் பார்த்தாள். அது பளபளவென்று நின்றது. மணி ஒன்று இருபது.

கத்தியை எடுத்து, மேசைக்கு நேரே எழுதும் கொப்பியளவுக்கு ஒரு துண்டை மட்டும் வெட்டினாள். இரண்டு கோடு வந்தது. நின்றது. போனது. இன்னொரு கொப்பியளவுக்கு வெட்டலாமா என்று அவள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெங்கசாமி பெஞ்சின் மேல் ஏறி, மூலையில் நகத்தைக் கொடுத்து, ஒரு பக்கத்தை அப்படியே இழுத்துவிட்டார்.

"ஏங்க, வேணாங்க. தூசி. நீங்க வெளிய போங்க."

"நீ அந்தப் பக்கத்தப் புடி."

சாக்குக்குப் பின்னால் ஒரு வருடத்துப் பூஞ்சணம் கறுப்பாகப் படிந்திருந்தது. இழுக்க இழுக்கப் பொடியாகக் கொட்டியது. அவர் நிறுத்தவில்லை. சுவர் முழுக்க உரிந்து கீழே கிடந்தபோது கம்ப்யூட்டரில் நான்கு கோடு நின்றது. ரெங்கசாமி கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சத்தமில்லாத அறை வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது அவருக்கு நினைவிருந்தது.

பரீட்சை இருபது நிமிடம். யாரோ ஒரு மனிதர் பயிர்க் காப்பீட்டைப் பற்றிப் பேசினார். ஜெயலெட்சுமியின் விரல்நுனிகள் தேயிலைச் சாயத்தில் கறுத்து வெடித்திருந்தன. ஆனாலும் அவை வேகத்துக்குப் பழகியவை. ஒரு சொல் விடாமல் அடித்தாள். முடிந்ததும் திரையில் சிவரூபி என்ற அதிகாரி வந்தார், கண்ணாடி போட்ட யாழ்ப்பாணத்துப் பெண்.

"நல்ல வேகம் உங்களுக்கு" என்றார். இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "பின்னால ஏதோ விசிலடிக்கிற மாதிரிக் கேக்குது. நெற் பிரச்சினையோ?"

தண்ணீர் கொதிக்கிற கேத்தல் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டு ரேடியோ என்று சொல்லியிருக்கலாம். சத்தமில்லாத அறை என்பது நிபந்தனை. இந்த ஒரு பதிலில் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தது. பொய் சொல்லத் தெம்பில்லை.

"நெட்டு நல்லா இருக்குங்க மேடம்" என்றாள். "அது எங்க வீட்டுக்காரர் மூச்சு. எனக்கு நெட்டு வரணும்னு சுவத்துச் சாக்கையெல்லாம் தூசியோட அவரே உரிச்சுப் போட்டாரு. இப்ப வெளிய சாரல்ல உக்காந்திருக்காரு."

சிவரூபி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார்.

"கதவைத் திறந்து அவரை உள்ளுக்கு வரச் சொல்லுங்கோ" என்றார். "மருந்து இருந்தாக் குடுங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வேலை. கோயில் வளைவில் நின்றபடியே அவள் முதலில் ஹிஷாமுக்குத்தான் போன் எடுத்தாள். அவரும் சந்தோஷப்பட்டார். நெட் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். சுவரை உரித்ததைச் சொன்னாள்.



"அக்கா" என்றார் ஹிஷாம் மெதுவாக. "ரெண்டு மீட்டர் யூ.எஸ்.பி. வயர் ஒண்டு இருக்கி. கம்ப்யூட்டர் உள்ளுக்கே இருக்கட்டும், அந்தத் துண்ட மட்டும் வயர் நுனியில மாட்டி வாசல்ல தொங்க விட்டா போதும். நான் முந்தியே சொல்லியிருக்கணும். எனக்கு உங்கட சுவரு தெரியாதே."

அவள் கோபப்படவில்லை. கோபப்படவும் ஒரு தெம்பு வேண்டுமே. அடுத்த நாள் கண்டக்டர் கையில் அந்த வயரும் வந்தது. அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் திரிந்தாள். சொன்னால் அவர் பட்ட பாடு வீண் என்று ஆகும். சொல்லாவிட்டால் சுவர் இப்படியே ஈரமாகக் கிடக்கும். சனிக்கிழமை இரவு முதல் ரெங்கசாமி இழுப்போடு உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்.

வெள்ளிக்கிழமை மாலை வயரை அவர் மடியில் வைத்துச் சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

ரெங்கசாமி வயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இழுப்பு மருந்துப் பம்பை ஒரு தடவை வாயில் வைத்து இழுத்துக்கொண்டார்.

"வயரப் பத்தி எனக்கு என்னா தெரியும்" என்றார். "எனக்குத் தெரிஞ்சது சாக்குதான். அழாத. ஃபேக்டரியில சொல்லி வை, கிழிஞ்சது விழுந்தாக் குடுப்பாங்க."

சொல்லி வைத்திருக்கிறார்கள். இதுவரை இரண்டு சாக்குதான் வந்திருக்கிறது. அவர் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் போதுமாக இருந்தது. கறுப்புத் துண்டு வாசல் நிலையில் ஒரு ஆணியில் தொங்குகிறது. காலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். உள்ளே ஜெயலெட்சுமி மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாதவர்களின் பேச்சைக் கேட்டு டைப் பண்ணுகிறாள். இரண்டு காதையும் மூடிக் கேட்டால் தப்பு குறையும் என்று சிவரூபி இரண்டு தடவை சொல்லிவிட்டார். சரிங்க மேடம் என்று சொல்லிவிட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதிலிருந்து தள்ளியே வைத்திருக்கிறாள், கட்டில் இருக்கும் பக்கத்தை.