எனக்கு இடம் தராத கம்பஸ்

நான் வேலை செய்யும் பல்கலைக்கழகம் போன வருடம் தன் வாசலில் தனக்கே ஒரு பதாகை கட்டியது. பஸ்ஸை விட்டு இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டேன். உலகத் தரவரிசையில் தாங்கள் இத்தனையாவது இடத்துக்கு ஏறிவிட்டதாக, எண்ணை ஓர் ஆள் உயரத்துக்கு அடித்திருந்தார்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூட வாசலில் பதாகை கட்டினால் அதில் ஒரு பிள்ளையின் முகம் இருக்கும். உயர்தரப் பரீட்சையில் மாவட்டத்தில் எத்தனையாவது என்று கீழே எழுதியிருக்கும். இங்கேயும் முகத்தைத் தேடினேன், இல்லை. பரீட்சை எழுதியது கட்டடம்தான் போல. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எனக்குப் புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் இந்தக் கனடிய நகரத்துக் குளிரில் கையுறையைக் கழற்றி, படம் எடுத்து, யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருக்கும் அண்ணைக்கு அனுப்பிவிட்டுத்தான் உள்ளே போனேன். இத்தனைக்கும் நான் அங்கே பேராசிரியையும் இல்லை, படித்தவளும் இல்லை. மண்ணியல் துறை அலுவலகத்தில் கடிதம், நேர அட்டவணை, சாவிக்கொத்து பார்ப்பவள்.

அந்தப் படம்தான் வினையாகிவிட்டது. அண்ணையின் மகள் ஆரபிக்கு எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்தில், நாங்கள் கம்பஸ் என்போம், விவசாயம் படிக்க இடம் கிடைத்திருந்தது. வாழைத் தோட்டத்துக்குள் வளர்ந்த பிள்ளை. வாழைக்கு வரும் நோய்களைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஆனால் கொக்குவிலில் ஒரு ஏஜென்ட் அண்ணையிடம் பளபளப்பான கடதாசி ஒன்றைக் கொடுத்திருந்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், அதற்குப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அதன் தரவரிசை எண். பாதித் தோட்டத்தை விற்றுப் பிள்ளையை அங்கே அனுப்புவதா என்று தடுமாறிக்கொண்டிருந்தவரின் கைக்கு என் படம் போய்ச் சேர்ந்தது. அன்றே போன் எடுத்தார்.

"நீ வேலை செய்யிறதும் நம்பர் உள்ள இடம்தானே. எங்கடை கம்பஸை அந்த லிஸ்ட்டில தேடித் தேடி என்ரை பெருவிரல் நோகுது, காணேல்லை. பிள்ளையை உதுக்குள்ள விடச் சொல்லுறியோ?"

பின்னால் ஆரபி அழுதுகொண்டிருப்பது கேட்டது. கம்பஸில் பதிய ஏழு நாள், ஒரு கிழமைதான் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று மழுப்பினேன். எனக்கு உடனே வாய் வராததற்குக் காரணம் இருக்கிறது. எண்களை நம்பியே வளர்ந்தவள் நான். உயர்தரப் பரீட்சைப் புள்ளிகளைக் கணக்கிட்டுக் கம்பஸ் இடத்தைத் தீர்மானிக்கும் என் இசட் ஸ்கோர் வந்த நாள் இப்போதும் நினைவிருக்கிறது. தசமத்துக்குப் பிறகு மூன்றாவது இலக்கத்தில் எனக்குக் கம்பஸ் தவறியது. மூன்றாவது இலக்கம்! அதற்குப் பிறகு பல மாதங்கள் கம்பஸ் மதில் கண்ணில் படக்கூடாது என்று ஒழுங்கைகளுக்குள்ளால் சுற்றித்தான் சைக்கிளில் போனேன். பிறகு கல்யாணம், கனடா, சாவிக்கொத்து.

அதே கிழமை, எங்கள் துறைப் பேராசிரியர் கிரெக் (இங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு இன்னும் நாக்குக் கூசும்) ஒரு கையில் சான்ட்விச்சுடன் கணினியில் ஏதோ நிரப்பிக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்கப் போன நான் எட்டிப் பார்த்தேன். உங்கள் துறையில் உலகில் சிறந்த பல்கலைக்கழகங்கள் எவை என்று கேட்டிருந்தது. இந்தப் பதில்களும் சேர்ந்துதான் அந்தத் தரவரிசை வருகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணை பெருவிரல் நோகத் தேடிய எண்ணில் ஒரு துண்டு இந்தச் சான்ட்விச் கடிக்கும் நேரத்துக்குள் தயாராகிறது!

உன் நாட்டுப் பக்கம் ஏதாவது உண்டா என்று அவராகவே கேட்டார். எங்கள் கம்பஸின் பெயரைச் சொன்னேன். நல்லதா என்றார்.

"எனக்கே அங்கே இடம் கிடைக்கவில்லை" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

கிரெக் சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் வருந்துகிறேன் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு யாழ்ப்பாணத்துக்காரி ஒரு கல்விக்கூடத்துக்குக் கொடுக்கக்கூடிய ஆகப்பெரிய சான்றிதழை நான் கொடுத்திருக்கிறேன், மனுஷன் துக்கம் விசாரிக்கிறார். விளக்கிச் சொன்ன பிறகு அவரும் சிரித்தார். ஆனால் எழுதவில்லை. எனக்குத் தெரியாத இடத்தை எப்படி எழுதுவது என்றார். பிறகு, தான் எழுதியிருந்த பெயர்களில் இரண்டை அழித்தார். இவற்றையும் எனக்குத் தெரியாது, கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான் என்றார்.

அந்த எண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கட்டடத்தில் இருக்கிற இயந்திரங்களை, இங்கிருந்து வெளிவருகிற ஆய்வுகளை நானே பார்க்கிறேன். எண்ணுக்கு அவை தெரியும். ஒரு பெயர் எவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நினைவு வந்தது வேறு ஒன்று. சில வருடங்களுக்கு முன் அண்ணையின் இதரை வாழைகள் மஞ்சளித்து மடியத் தொடங்கின. வீடியோ அழைப்பில் பார்த்த நானே அழுதுவிட்டேன். அடுத்த நாள் காலை, அங்கே பின்னேரம், அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, வாழை மஞ்சளிச்ச நேரம் நீங்கள் ஆருக்குக் கோல் எடுத்தனீங்கள்?"

"கம்பஸுக்கு."

"எத்தனையாவது எண்டு பாத்துப்போட்டோ எடுத்தனீங்கள்?"

 

"மூண்டு தரம் வந்தவை," என்றார் மெல்ல. "மழைக்குள்ளயும் வந்தவை. மோட்டச்சைக்கிளில. மண்ணையும் இலையையும் பையில போட்டுக்கொண்டு போய், எந்த மரத்தைக் கிண்டி எரிக்கோணும், எதை விடலாம் எண்டு ஒவ்வொண்டாக் காட்டினவை." பிறகு, "அதுகளோட அங்க படிக்கிற ஒரு பெட்டையும் வந்தவள். ஆரபி அவளுக்குப் பின்னாலயே திரிஞ்சவள்," என்றார்.

அதோடு நான் போனை வைத்துவிட்டேன். மேலே கதைத்தால் கெட்டுவிடும் என்று பயம். தோட்டம் விலைபோகாமல் தப்பியது. ஏஜென்டின் கடதாசி என்னவானது என்று நான் கேட்கவுமில்லை.

கம்பஸ் தொடங்கிய நாள் ஆரபியிடமிருந்து ஒரு படம் வந்தது. நான் ஒளித்துத் திரிந்த அதே மதில், அதே வாசல், அதற்கு உள்பக்கம் நின்று சிரிக்கிறாள். கீழே, "மாமி, நான் உள்ளுக்கு வந்திட்டன்" என்று எழுதியிருந்தாள். அலுவலக அச்சுப்பொறியில் அதைப் பெரிதாக எடுத்து என் மேசைக்குப் பின்னால் ஒட்டினேன். அதற்குப் பக்கத்தில்தான் பல்கலைக்கழகம் எல்லா அறைகளுக்கும் கொடுத்த, தன் வாசல் படத்தின் மேல் அந்த எண் போட்ட சுவரொட்டி இருக்கிறது. போன கிழமை புது மாணவன் ஒருவன் வழி கேட்க வந்தான். படத்தைக் காட்டி, அது உங்கள் பல்கலைக்கழகமா என்றான். ஆமாம் என்பதற்கு ஓம் என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. அங்கேயா படித்தீர்கள் என்றான். இல்லை என்றேன். அப்படியானால் இங்கேயா என்றான். அதற்கும் இல்லை என்றேன். அவன் குழம்பிப்போய் இரண்டு வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தான். நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழும்பி, அவன் படிக்கப்போகும் அறையைத் திறந்துவிட்டேன்.